கோடையிலயும் கொதியிலயும் வாசம் போகாத ஆப்பிரிக்கன் மல்லி

ஏப்ரல், மே மாசத்துல மாடியில கொத்தமல்லி விதை போட்டவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். முளைக்கும், நாலு இலை விடும், பறிக்கலாம்னு பாக்கறதுக்குள்ள தண்டு நீண்டு இலையெல்லாம் மெலிஞ்சு பூ எடுத்துடும். தண்ணி ஊத்தினதுல குறையோ மண்ணுல குறையோ இல்லைங்க. கொத்தமல்லி மத்தியதரைக் கடல் பக்கமும் மேற்கு ஆசியாவுலயும் வளர்ந்து வந்த குளிர்காலப் பயிர், சூடு ஏறி பகல் நீள ஆரம்பிச்சா இலை போடுறத நிறுத்திட்டு விதை வைக்கற வேலைக்குப் போயிடும்.

அந்த மாசங்களுக்குன்னே ஒரு செடி இருக்கு, நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேர் கண்ணுல படலைங்கறதுதான் எனக்கு வருத்தம். கேரளாவுல ஆப்பிரிக்கன் மல்லிங்கறாங்க, அந்தமான்ல பர்மா தனியா, அறிவியல் பேரு எரிஞ்சியம் ஃபீட்டிடம். ஆனா பிறந்த இடம் ஆப்பிரிக்காவும் இல்ல பர்மாவும் இல்ல, மெக்சிகோல இருந்து மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் வரைக்கும் இருக்கற வெப்ப மண்டலம். கொத்தமல்லி, சீரகம், ஓமம், கேரட் எல்லாம் இருக்கற அதே குடும்பம்தான், ஆனா பாத்தா நம்ப மாட்டீங்க. தரையோட ஒட்டி வட்டமா இலை விடும், ஒவ்வொரு இலையும் நீளமா தடிமனா, ஓரத்துல ரம்பப் பல் மாதிரி சின்னச் சின்ன முள்ளோட இருக்கும். குடும்பத்துல பெரும்பாலானது குடை விரிச்ச மாதிரி பூக்கும், இது முள்ளு இலைக்கு நடுவுல பச்சையா சின்ன உருளையா பூக்கும்.

பாக்கறதுக்கு இவ்வளவு வித்தியாசம், வாசம் மட்டும் எப்படி ஒண்ணா இருக்கு? ரெண்டு செடியும் இலைக்குள்ள இருக்கற எண்ணெய்ல ஆல்டிஹைடுங்கற ஒரே வகை மூலக்கூறுகளைத்தான் சேத்து வைக்குது. கொத்தமல்லி இலையில பத்து கார்பன் உள்ளது முக்கியமா இருக்கும், கூடவே பதினொண்ணு, பன்னெண்டு கார்பன் உள்ளதும் கலந்து இருக்கும். ஆப்பிரிக்கன் மல்லியில பன்னெண்டு கார்பன் உள்ள டோடெசினல்தான் பெரும்பங்கு, அதுக்கு எரிஞ்சியல்னே இன்னொரு பேரு. பச்சைக் கொத்தமல்லி சிலருக்கு சோப்பு மாதிரி அடிக்கறதுக்கும் இந்த ஆல்டிஹைடுதான் காரணம். 2012ல வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, இப்படி சோப்பு மாதிரி தோணறதுல ஒரு பகுதி, மூக்குல வாசத்தைப் பிடிக்கற ஓஆர்6ஏ2ங்கற ஏற்பி மரபணுவுக்குப் பக்கத்துல இருக்கற வேறுபாட்டோட சேந்து வருதுன்னு காட்டுச்சு. அப்படிப்பட்டவங்க வீட்டுல இருந்தா அவங்க தட்டுல இத ரொம்ப கம்மியா போடுங்க, இது இன்னும் வேகமான வாசம்.

இப்ப அடுப்புக்கு வருவோம். ரசத்துல கொத்தமல்லிய இறக்கற நேரத்துல தூவுறோம், முன்னாடியே போட்டு கொதிக்க விட்டா வாசம் போயிடும்னு எல்லாருக்கும் தெரியும். எங்க போகுது? அந்தச் சின்ன மூலக்கூறுகள் நீராவியோட சேந்து வெளிய கிளம்பிடுது, அடுப்பங்கரை முழுக்க மணக்குதுன்னா பாத்திரத்துல அவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். மூலக்கூறு கனமானா ஆவியாகறது மெதுவாகும். ஆப்பிரிக்கன் மல்லியில கனமானதுதான் அதிகம், மொத்த வாசமும் அதிகம், இலையும் தடிமன், அதனால கொஞ்சம் போனாலும் நிறைய மிச்சம் இருக்கும். சமையல் பழக்கமும் அப்படியே திரும்பிடும்: இத கடைசியில தூவ வேண்டாம், ஆரம்பத்துலயே போடலாம்.

இத நல்லா புரிஞ்சுக்கிட்டவங்க இந்தச் செடியோட சொந்த ஊர்க்காரங்கதான். பனாமாவுல சான்கோச்சோங்கற கோழி சூப்புல இத கோழியோடவே போட்டு கொதிக்க விடுவாங்க. புவேர்ட்டோ ரிக்கோவுல இதுக்குப் பேரு ரெக்காவ், வெங்காயம், பூண்டு, காரமில்லாத சின்ன மிளகாய் எல்லாம் சேத்து அரைச்ச சோஃப்ரிட்டோங்கற விழுதுக்கு இதுதான் உயிர், அத எண்ணெய்ல வதக்கிட்டுத்தான் பீன்ஸோ சோறோ ஆரம்பிக்கும். டிரினிடாட்ல ஷேடோ பெனி. 1845ல இருந்து 1917 வரைக்கும் இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிகளா போனவங்க, கல்கத்தாவுல கப்பல் ஏறினவங்கதான் அதிகம், மெட்ராஸ்ல இருந்து போனவங்களும் உண்டு, அவங்க வழி வந்த குடும்பங்கள் இத பண்டானியான்னு கூப்பிட்டு சட்னி அரைக்கறாங்க. வியட்நாம்ல ஃபோ சூப்போட பச்சையா ஒரு தட்டுல வரும், மணிப்பூர்ல சிங்ஜுங்கற காய்கறி சாலட், ஏரோம்பாங்கற காய்கறி மசியல் மேல நறுக்கிப் போடுவாங்க.

நம்ம சமையல்ல மீன் குழம்பு, பருப்பு ரசம், பிரியாணி மூணுக்கும் நல்லா பொருந்தும். நாலு பேருக்கான ரசத்துக்கு ரெண்டு இலை போதும், குறுக்கா ரொம்பப் பொடிசா நறுக்கணும், நீளவாக்குல நறுக்கினா நார் வாயில மாட்டும். பொடிசா நறுக்கிட்டா முள்ளு தெரியாது.

வளர்க்கறதுல நேர் வெயில்தான் பெரிய பிரச்சனை. நிழலான ஈரமான இடத்துல வளர்ந்து பழகின செடி, வெயில் பட்டா இலை சின்னதாகி முள்ளு கெட்டியாகி சீக்கிரம் பூத்தண்டு விட்டுடும், நிழல்ல இருந்தா இலை பெருசா மெத்துன்னு இருக்கும். அதனால 50 சதவீத நிழல்வலைக்கு அடியிலயோ முருங்கை, வாழை நிழல்லயோ வைங்க, சமையலறை ஜன்னல் ஓரம் கூட போதும். நடுவுல பூத்தண்டு எழும்பினா உடனே அடியோட கிள்ளிடுங்க, இல்லன்னா செடி தன்னோட சத்தையெல்லாம் அங்க அனுப்பிடும். இலை பறிக்கறப்ப வெளி வட்டத்துல இருந்து எடுங்க, குருத்தைத் தொடாதீங்க. மண்ணு காயக்கூடாது, தண்ணி தேங்கவும் கூடாது. செடி காரணமில்லாம குறுகி நின்னா வேரைப் பாருங்க, முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு, அந்த மண்ணைத் திரும்ப பயன்படுத்தாதீங்க.

விதையில இருந்து ஆரம்பிச்சா பொறுமை வேணும். தூசி மாதிரி சின்ன விதை, இந்தக் குடும்பத்து விதைகள்ல பலதுல உள்ள இருக்கற கரு முழுசா வளராமலே விதை உதிர்ந்துடும், ஈரம் கிடைச்சப்புறம்தான் அது உள்ளுக்குள்ளயே வளர்ந்து வெளிய வரும். மூணு நாலு வாரம் ஆகலாம். மண்ணு மேல தூவி லேசா அழுத்தி விடுங்க, மூட வேண்டாம், ஸ்பிரேயர்ல ஈரம் காட்டுங்க. ஒரே ஒரு செடிய மட்டும் பூக்க விட்டா விதை தானா சுத்தி விழுந்து முளைக்கும், அந்தக் கன்னுகளைப் பிடுங்கி வேற தொட்டிக்கு மாத்திக்கலாம்.

நிறைய இலை வந்துட்டா புவேர்ட்டோ ரிக்கோக்காரங்க பண்றதையே பண்ணலாம், பூண்டு வெங்காயத்தோட அரைச்சு ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு, கெட்டியானதும் கட்டிகளைக் கவர்ல போட்டு வச்சுக்கிட்டா, குழம்பு தாளிக்கறப்ப ஒண்ணு ரெண்டு எடுத்து அப்படியே எண்ணெய்ல போட்டுடலாம்.