பழைய பிசிக்கு கிராபிக்ஸ் கார்டு: ஜிபிக்கு முன்னாடி லேனைப் பாருங்க

2011ல வந்த ஐ5-2400 ப்ராசஸர் போட்ட ஆபிஸ் டெஸ்க்டாப் இப்ப செகண்ட் ஹேண்ட்ல கம்மி விலைக்கே கிடைக்குது, அதுல ஒரு கார்டு சொருகினா கேம் ஓடுமான்னா, தாராளமா ஓடும். ஆனா கார்டு வாங்கும்போது எல்லாரும் பாக்குறது மெமரி எத்தனை ஜிபின்னுதான், மதர்போர்டு ஸ்லாட் எந்த வெர்ஷன்னு பாக்குறவங்க ரொம்ப கம்மி. பழைய மெஷின்ல முதல்ல பாக்க வேண்டியதே அதுதான்.

கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல டேட்டா போறது பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன், அதாவது ரோட்டு டிராக் மாதிரி தனித்தனி பாதை வழியா, பெரிய ஸ்லாட்ல பொதுவா 16 லேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 வெர்ஷன்ல ஒரு லேன்ல செகண்டுக்கு 500 எம்பி, 3.0ல கிட்டத்தட்ட 1 ஜிபி, 4.0ல 2 ஜிபி. 2.0ல 8 பிட் டேட்டா அனுப்ப 10 பிட் செலவாகும், 3.0ல 128 பிட்டுக்கு 130 பிட் போதும், அதுலயே நிறைய மிச்சம்.

இப்ப ஆர்எக்ஸ் 6400 எடுத்துக்கோங்க, 2022 கார்டு, 53 வாட்தான், தனி பவர் வயர் வேணாம், ஒல்லியான கேஸ்லயும் உக்காரும். பழைய பிசிக்குன்னே செஞ்ச மாதிரி தெரியும். ஆனா அதுக்கு இருக்குறது வெறும் 4 லேன்! 4.0 போர்டுல செகண்டுக்கு 8 ஜிபி வேகம் கிடைக்கும், ஐ5-2400ல இருக்குறது 2.0, அங்க அதே கார்டுக்கு 2 ஜிபிதான். 2019ல வந்த ஜிடிஎக்ஸ் 1650க்கு 16 லேன், அதனால 2.0லயும் 8 ஜிபி வந்துடும். கார்டோட 4 ஜிபி மெமரி நிரம்பாத வரைக்கும் வித்தியாசம் பெருசா தெரியாது, நிரம்பிட்டா மிச்ச டெக்ஸ்ச்சர் (கேம்ல பொருள் மேல ஒட்டுற படங்கள்) எல்லாம் ரேம்லேர்ந்து இந்த லேன் வழியாதான் வரணும், அப்பதான் கேம் திக்கித் திக்கி ஓடும். அதனால பழைய போர்டுக்கு நான் 1650ஐத்தான் சொல்லுவேன்.

அடுத்து பவர். ஸ்லாட் குடுக்குறது அதிகபட்சம் 75 வாட், அதுலயும் 12 வோல்ட்ல 66தான். 1650லயே சில மாடலுக்கு 6 பின் வயர் வேணும், ஆபிஸ் பிசி பவர் சப்ளைல பெரும்பாலும் அந்த வயர் இருக்காது, வாங்கறதுக்கு முன்னாடி கார்டு ஓரத்தைப் பாத்துக்கோங்க. ஹார்ட் டிஸ்குக்கு பவர் குடுக்குற சாட்டா வயர்லேர்ந்து 6 பின்னுக்கு மாத்துற அடாப்டர் மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, சாட்டா கனெக்டர் தாங்குறது 12 வோல்ட்ல 54 வாட்தான், 6 பின் 75 வரைக்கும் இழுக்கலாம், வயர் உருகிடும்.

மாட்டினதும் மானிட்டர் கேபிளை போர்டுலேர்ந்து கழட்டி கார்டுல சொருகுங்க, டிஸ்ப்ளே வரலன்னா பயாஸ்ல (பிசி ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்ஸ்) முதல் டிஸ்ப்ளேவை பிசிஐ எக்ஸ்பிரஸ்னு மாத்துங்க. அப்புறம் கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்க. சும்மா இருக்கும்போது 1.1னு காட்டினா பதறாதீங்க, கரண்ட் மிச்சம் பண்ண கார்டு தானா இறக்கிக்கும், பக்கத்துல இருக்குற கேள்விக்குறியை அமுக்கி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டா 2.0க்கு ஏறிடும். அப்பவும் லேன் 16க்கு பதிலா 8னு காட்டினா கார்டைக் கழட்டி, தங்கக் கலர் முனையைத் துடைச்சு, கிளிப் சத்தம் கேக்குற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க.