இம்ப்ரெசாவின் இன்டர்கூலரை முன்னால் கொண்டுவந்தால் என்ன நடக்கும்?

சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரில் முதலில் கண்ணில் படுவது, பானெட்டின் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் அந்த வாய்தான். எஞ்சின் மூச்சு விடும் வழி அது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. எஞ்சின் குடிக்கும் காற்று வேறொரு பக்கம், ஏர் ஃபில்டர் வழியாகப் போகிறது. பானெட் வாய்க்குள் நுழையும் காற்று எஞ்சினுக்குள் போவதே இல்லை. அடியில் படுத்திருக்கும் ஓர் அலுமினியப் பெட்டியின் மேல் வீசிவிட்டு, கியர்பாக்ஸ் பக்கம் இறங்கி வெளியேறிவிடும். டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் ஆறவைக்கும் அந்தப் பெட்டிதான் இன்டர்கூலர்.

1992-ல் வந்த முதல் டபிள்யூஆர்எக்ஸிலிருந்தே சுபாரு அதை அங்கேதான் வைத்தது. அதே ஆண்டு போட்டிக்கு வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனோ, இன்டர்கூலரை முன் பம்பருக்குள் நிறுத்தியது. இரண்டும் ராலி பந்தயத்துக்காகப் பிறந்தவை, இரண்டிலும் 2 லிட்டர் டர்போ எஞ்சின். ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள். சுபாரு வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் கைக்காசைப் போட்டு, மேலே இருப்பதைக் கழற்றிவிட்டு முன்னால் பெரிதாக ஒன்றைப் பொருத்துகிறார்கள். அந்த வேலை நிஜமாகவே என்ன தருகிறது, எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்று பார்க்கலாம்.

வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிக்கல் எங்கே என்றால், காற்றை அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரி செல்சியஸ் காற்றை 1 பார் பூஸ்ட்டுக்கு (வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 1 பார், அதற்கு மேல் டர்போ கூட்டுவது பூஸ்ட்), அதாவது இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு, ஒரு குறையும் இல்லாத இயந்திரம் அழுத்தினாலே ஏறக்குறைய 66 டிகிரி ஏறும். நிஜ டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் 95 டிகிரி ஏறிவிடும். டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 125 டிகிரியில் இருக்கும். தண்ணீர் கொதிப்பதைவிட அதிகம்!

சூடான காற்று விரிந்த காற்று. அதே அழுத்தத்தில், அதே இடத்துக்குள் குறைவான ஆக்சிஜன்தான் அடங்கும். பாடுபட்டு அழுத்தியதில் ஒரு பங்கைச் சூடு திரும்ப எடுத்துக்கொள்கிறது. அது போகட்டும், பெரிய ஆபத்து நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி வந்து சேருவதற்குள், சிலிண்டர் ஓரத்தில் இருக்கும் சூடான பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துவிடும். சுபாருவின் 2.5 லிட்டர் டர்போ எஞ்சின்களில் பிஸ்டனின் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பு உடைந்துபோவது இதனால்தான் பெரிய பயம். நாக்கிங் வாடை அடித்தாலே எஞ்சினை ஆளும் கணினியான இசியு பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும். எஞ்சின் பிழைக்கும், பிக்கப் விழும்.

டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்றை ஆறவைப்பது இந்த இரண்டுக்குமான மருந்து. (பழைய பெரிய கம்ப்ரசர்களில் இரண்டு கட்ட அழுத்தத்துக்கு நடுவே இருந்ததால் வந்த பெயர் இன்டர்கூலர். காரில் அது அழுத்தி முடித்த பிறகுதான் வருகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

சுபாரு ஏன் மேலே வைத்தது? எஞ்சினின் பின்பக்கம் வலது ஓரத்தில் டர்போ. அதையொட்டி, சற்று மேலே இன்டர்கூலர். பக்கத்திலேயே த்ராட்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு. காற்று ஒரு சாண் தூரம் நடந்தால் வேலை முடிந்தது. குழாய் குறைவு, எடை குறைவு, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பூஸ்ட் சட்டென்று வரும். வாகான இடம்தான். ஆனால் அது அடுப்புக்கு மேல் பரண்.

ஒரு கணக்கு போடுவோம். சுமார் 300 குதிரைத்திறன் தரும் எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்கு 220 கிராம் அளவுக்குக் காற்றைக் குடிக்கும். அதை 65, 70 டிகிரி ஆறவைக்க வேண்டுமானால் 15 கிலோவாட் சூட்டை வெளியேற்ற வேண்டும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் ஏழெட்டு ஒரே நேரத்தில் ஓடுவது போல. இன்டர்கூலரின் அலுமினியம் 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், வெளிக்காற்று படாத நிலையில் அது நொடிக்கு 4 டிகிரி சூடாகும். ஐந்து நொடி முழு மிதி என்றால் 20 டிகிரி. சிக்னலில் நின்று கிளம்பி ஒருமுறை சீறுவதற்கு, ஆறிய உலோகமே சூட்டை விழுங்கிச் சமாளித்துவிடும். பந்தயத் தளத்தில் மூன்றாவது சுற்றில்தான் அதன் வயிறு நிரம்பிவிடுகிறது. அதைவிட மோசம் நெரிசல். வண்டி நகரவில்லை, பானெட் வாயில் காற்று இல்லை, கீழே டர்போ கொதிக்கிறது. அப்போது கிளம்பினால் கொஞ்ச நேரத்துக்கு அது குளிர்விக்கும் கருவியே இல்லை.

சுபாருவுக்கு இது தெரியாமல் இல்லை. டபிள்யூஆர்எக்ஸின் இன்னும் வேகமான வடிவமான எஸ்டிஐ மாடல்கள் சிலவற்றில் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்க டாஷ்போர்டிலேயே சுவிட்ச் வைத்தார்கள். ஆவியாகும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போகும், மண்பானையில் நடப்பதுதான்.

முன் பம்பருக்குப் பின்னால், வண்டி கிழித்துக்கொண்டு போகும் காற்று நேராக மோதும் இடத்தில் வைத்தால், அடுப்பும் இல்லை, காற்றுக்குப் பஞ்சமும் இல்லை. மேலே இருப்பது சூடேறிய பிறகு 85 டிகிரி காற்றைத் தந்தால், முன்னால் இருப்பது 50 டிகிரியில் தரும் என்று வைப்போம். அழுத்தம் ஒன்றேயானால் அடர்த்தி 11 சதவீதம் கூடும். முக்கியமாக, பத்தாவது சுற்றிலும் அதே அளவைத் தரும்.

விலை என்ன? முதலில் குழாய். பின்னால் இருக்கும் டர்போவிலிருந்து காற்று முன்னால் போய்த் திரும்பி வர வேண்டும். 63 மில்லிமீட்டர் விட்டத்தில் 2 மீட்டர் கூடினால் மட்டும் 6 லிட்டர் கொள்ளளவு. பெரிய கோரோடு (இன்டர்கூலரில் காற்று ஆறும் நடுப்பகுதி) சேர்த்தால் ஒரு குடம் அளவு காற்றை டர்போ கூடுதலாக நிரப்பிய பிறகுதான் எஞ்சினுக்குப் பூஸ்ட் தெரியும். நொடியில் ஒரு சிறு பகுதிதான் தாமதம், ஆனால் காலுக்குத் தெரியும். இரண்டாவது, அழுத்த இழப்பு. நெருக்கமான கோரில் 0.1 பார் போனால், மொத்தம் 2 பாரில் 5 சதவீதம் போச்சு. குளிர்ச்சியில் சம்பாதித்த 11 சதவீதத்தில் ஏறக்குறைய பாதி!

கோர் வாங்கும்போது இரண்டு வகை கிடைக்கும். மெல்லிய குழாயும் தகடுமாகச் செய்தது இலேசானது, பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றை விடும். தடித்த பட்டையும் தகடுமாக அடுக்கியது கனமானது, கல் அடி தாங்கும், சூட்டை அதிக நேரம் உள்வாங்கும், ஆறவும் நேரம் எடுக்கும்.

பம்பரைக் கழற்றினால் முதலில் எதிர்ப்படுவது மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம். கடையில் தொகுப்பாகக் கிடைக்கும் பல இன்டர்கூலர் கிட்களில் அதை வெட்டவோ மாற்றவோ சொல்வார்கள். என் கருத்தில் கிட் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: சட்டத்துக்குப் பதில் என்ன தருகிறாய்? தகரப் பட்டையைக் காட்டினால் வாங்காதீர்கள். ஹாரனும் இடம் மாறும், சில கிட்களில் பேட்டரியும்.

இன்டர்கூலருக்குப் பின்னால் ஏசி கண்டன்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். முன்னால் நிற்பவன் விட்ட சூட்டை இருவரும் வாங்க வேண்டும். காற்று சோம்பேறி, இடுக்கு கிடைத்தால் கோருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். ஓரங்களைத் தகடு வைத்து அடைக்காமல் விட்டால் இவ்வளவு பெரிய கோர் வெறும் அலங்காரம்.

ஆனால் பட்டறையில் உண்மையாகத் தோற்பது இணைப்புகள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் சிலிக்கான் ஹோஸ், இருபுறமும் கிளாம்ப். 63 மில்லிமீட்டர் குழாயின் வாய் 31 சதுர சென்டிமீட்டர். 1 பார் பூஸ்ட்டில் அந்த வாயை வெளியே தள்ளும் விசை சுமார் 32 கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஓர் அரிசி மூட்டை வந்து இழுக்கிறது. போதாக்குறைக்கு எஞ்சினின் உள் ஆவியை வெளியே விடும் பிரீதர் வழியே வரும் எண்ணெய்ப் படலம் உள்ளே வழுக்க வைக்கும். அதனால்தான் குழாய் முனையில் ஒரு வரம்பு எழுப்பியிருக்க வேண்டும், கிளாம்ப் அந்த வரம்பைத் தாண்டி உட்கார வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ஹோஸுக்குள் கொஞ்சம் ஹேர் ஸ்பிரே அடித்து மாட்டும் மெக்கானிக்குகள் உண்டு. மாட்டும்போது வழுக்கும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

பிறகு பஞ்சர் கடை உத்தி. டர்போவின் வாயை மூடி, கம்ப்ரசரால் பூஸ்ட் அளவுக்குக் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். நுரை வந்தால் அங்கே கசிவு. இதைச் செய்யாமல் ஓட்டினால் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும். சுபாருவில் காற்றை எடைபோடும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. எடைபோட்ட பிறகு கசிந்த காற்றுக்கும் சேர்த்து இசியு பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும்.

அதே காரணத்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2000-க்குப் பிறகு வந்த பல மாடல்களில் காற்றின் வெப்பநிலையை அளப்பதும் அந்தச் சென்சாரோடுதான் இருக்கிறது, டர்போவுக்கு முன்னால். இவ்வளவு பாடுபட்டு இன்டர்கூலர் மாற்றியதை இசியு நேரடியாக உணராது. நாக்கிங் குறைந்திருப்பதை வைத்து மெதுவாக ஊகிக்கும், அவ்வளவுதான். இசியுவின் அமைப்புகளை மாற்றி, அதாவது மறுபடி டியூன் செய்து, பற்றவைக்கும் நேரத்தை முன்னே கொண்டுவந்தால்தான் குளிர்ந்த காற்று சக்தியாக மாறும். தினமும் அலுவலகம் போய்வரும், டியூன் தொடாத வண்டிக்கு இதெல்லாம் வீண் செலவு என்பேன். தளத்தில் ஓட்டுகிறவர்கள் த்ராட்டிலுக்குச் சற்று முன்னால் குழாயில் துளையிட்டு ஒரு வெப்பமானியைச் செருகுகிறார்கள். வண்டி நின்றால் முள் ஏறும், உருண்டதும் சில நொடிகளில் இறங்கத் தொடங்கும்.