கடைசிச் சீட்டை எடுப்பவருக்கு என்ன லாபம்?

திருகோணமலையின் கடலோர ஊரான திருக்கடலூரில் 10 பெண்கள் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய்ச் சீட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் சேரும் ஒரு இலட்சம் ஒருவர் கைக்குப் போகும். குலுக்கல் முறையில் வரிசை முடிவாகும்.

அவரவர் தனியாகச் சேர்த்திருந்தால் எல்லோருமே ஒரு இலட்சத்தைப் பார்க்கப் பத்தாம் மாதம் ஆகும். சீட்டில் சராசரிக் காத்திருப்பு ஐந்தரை மாதம்தான். ஒரு சதம் வட்டியில்லாமல் ஒன்பது பேருக்குக் காலம் மிச்சம். பெஸ்லி, கோட், லோரி என்ற மூன்று பொருளியலாளர்கள் 1993இல் இந்தக் கணக்கை முறையாக விளக்கினார்கள்.

சரி, பத்தாவது ஆளுக்கு? வங்கியில் போட்டிருந்தால் வட்டியாவது கிடைத்திருக்கும். ஆனாலும் கடைசிச் சீட்டையே கேட்டு வாங்குபவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. வீட்டில் இருக்கும் காசுக்கு நூறு கைகள் நீளும். கடல் நல்லாக இருக்கும் மாதங்களில் வரும் பணம், வாடைக்காற்று தொடங்கித் தோணிகள் கரையேறும்போது மிஞ்சுவதில்லை. "சீட்டுக்காசு" என்று பெயர் வைத்துவிட்டால் அதைக் கணவரும் கேட்க மாட்டார், மச்சாளும் கடன் கேட்க மாட்டாள். நைரோபியின் கிபேரா குடியிருப்பில் ஆய்வு செய்த அண்டர்சனும் பலாண்டும் 2002இல் இதையே எழுதினார்கள்: மணமான பெண்கள் சீட்டில் சேருவதற்கு, சேமிப்பைக் கணவரின் செலவிலிருந்து காப்பது ஒரு முக்கிய காரணம்.

பணத்துக்குப் பெயர் வைத்துப் பிரித்து வைக்கும் இந்த வழக்கத்தை மனக்கணக்கு என்று ஆராய்ந்தவர் ரிச்சர்ட் தேலர். 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். பழைய பொருளியலின்படி ஒரு ரூபாய் எங்கிருந்தாலும் ஒரு ரூபாய்தான். வீடுகளில் அப்படி நடப்பதில்லை.

பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, வாடிக்கையாளர்கள் தாங்களே குறித்த நாளோ தொகையோ வரும்வரை எடுக்கமுடியாத கணக்கு ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. கூடுதல் வட்டி கிடையாது, பூட்டு மட்டும்தான். அப்படியும் 28 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். ஓராண்டில், அந்தக் கணக்கு வழங்கப்பட்ட குழுவின் சேமிப்பு, வழங்கப்படாத குழுவைவிட 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்தது. கடைசிச் சீட்டும் இப்படி ஒரு பூட்டுத்தான். சாவி பத்துப் பேரிடம் இருக்கிறது.

பிள்ளையின் பெயரில் வங்கியில் பணம் இருக்க, தாலிக்கொடியை அடகு வைப்பதும் இதே மனக்கணக்குத்தான். அறியாமை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வங்கிப் பணத்தை எடுத்தால் திருப்பிப் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அடகில் இருக்கும் நகையோ மீட்கும்வரை தூங்க விடாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் வட்டி உண்மையான காசு. மாதங்கள் இழுபட்டால் அந்தப் பூட்டின் விலை மிக அதிகம்.

சீட்டின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ 170 ரூபாய். அப்படிப்பட்ட காலத்தில் முதல் சீட்டை எடுத்தவர் உடனே இயந்திரமோ வலையோ வாங்கிவிட்டு, தேய்ந்துபோன ரூபாயில் மிச்சத் தவணைகளைக் கட்டுகிறார். கடைசியில் எடுப்பவருக்கு அதே ஒரு இலட்சம்தான், வாங்கக்கூடிய பொருளோ மிகக் குறைவு. வட்டியை மட்டுமா இழக்கிறார், போட்ட முதலிலும் ஒரு பகுதி போகிறது.

கழிவு கூறி எடுக்கும் சீட்டில் இதற்கு ஓரளவு ஈடு உண்டு. அவசரக்காரர் விட்டுக்கொடுக்கும் தொகை மற்றவர்களுக்குப் பிரிக்கப்படுவதால், காத்திருப்பவருக்கு அது வட்டிபோல் சேரும். குலுக்கல் சீட்டில் அது இல்லை. அதே பத்துப் பேர் மறுபடி சேர்ந்தால், இரண்டாம் சுற்றில் வரிசையைத் தலைகீழாகப் போடலாம். பத்தாம் மாதம் ஒரு இலட்சம் எடுத்தவருக்குப் பதினோராம் மாதம் இன்னொரு இலட்சம் வரும். முதலாவது அவர் சேமித்தது, இரண்டாவது வட்டியில்லாக் கடன்.