பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறதா? மனு எழுதும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் தெருவில் ஐம்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். சாக்கடை ஏற்கெனவே பொங்குகிறது, தண்ணீர் லாரி திரும்ப இடமில்லை, இதில் இன்னும் நாற்பது வீடா என்று இரண்டு பக்கம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தது மேசை மேசையாக இறங்கி உதவிப் பொறியாளரிடம் வந்தது. அவர் ஒரு போன் செய்தார். மறுநாள் "மனுதாரரிடம் விளக்கப்பட்டது, மனு முடித்துவைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. அதற்குள் அங்கே மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டியாகிவிட்டது.

குடியிருப்பு மண்டலத்தில் விதிப்படி கட்டுகிறவர் அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டியதில்லை. நில வகைப்பாட்டை மாற்றும்போதுதான் நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். அதுவும் யார் கண்ணிலும் படாத மூலையில் வரும். அதனால் "எங்களுக்குத் தொந்தரவு" என்று எழுதிப் பயனில்லை. "அனுமதித்த வரைபடத்தில் இப்படி, தரையில் அப்படி" என்று எழுதினால்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கு அனுமதி எண் வேண்டும். சென்னையில் சிறு கட்டடம் என்றால் மாநகராட்சி, பெரிது என்றால் சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். எண் இல்லாமல் போனால் இவர் அங்கே போ என்பார், அவர் இங்கே போ என்பார். எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்கிற திட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும். ரெரா இணையதளத்திலேயே அனுமதி எண்ணைப் பார்த்துவிடலாம்.

அப்புறம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். கேள்வி வடிவில் உள்ளது என்று திருப்பிவிடுவார்கள். அனுமதிக் கடிதம், வரைபடம் இவற்றின் நகலும், கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் உடனே முதல் மேல்முறையீடு. கொடுக்கும் ஒவ்வொரு தாளின் நகலிலும் தபால் பிரிவில் முத்திரை வாங்கிவிடுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

வரைபடம் கையில் வந்ததும் முதலில் சாலை அகலத்தைப் பாருங்கள். எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை முன்னால் உள்ள சாலைதான் முடிவு செய்கிறது. எங்கள் தெருவைத் தாளில் நாற்பது அடி என்று போட்டிருந்தார்கள். இரண்டு பையன்கள் டேப் பிடித்தார்கள்: முப்பத்தொன்று. டேப்பின் எண் தெரியும்படி எடுத்த அந்தப் படம்தான் ஐம்பத்திரண்டு கையெழுத்து செய்யாததைச் செய்தது.

மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாகப் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் போட்டுக் கொடுக்க வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. பத்திர எண்ணைக் கேளுங்கள்.

பெரிய திட்டங்களில் ஒரு கணக்கு விளையாட்டு உண்டு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு) கணக்கில் கார் நிறுத்தும் தரைக்கீழ்த் தளம் பெரும்பாலும் வராது. சுற்றுச்சூழல் கணக்கில் அதுவும் சேரும். சிறிய எண்ணைக் காட்டி "எங்களுக்குப் பொருந்தாது" என்றால் நம்பாதீர்கள், எல்லாத் தளத்தையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்றும் காத்திருக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டுமானத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிகள் வெளியாகும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தை நீங்கள்தான் அவ்வப்போது பார்க்க வேண்டும். அனுமதி வெளியானால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60. கவுன்சிலர் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பதற்குள் இந்த நாட்கள் போய்விடும்.

விதிமீறல் உறுதியானால் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் (மீறலை அகற்றுவது, வேலையை நிறுத்துவது) நடவடிக்கை கேட்டு எழுதுங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிடாவிட்டால் அது வெறும் புகார். நோட்டீஸ் ஒட்டியதும் இனிப்பு வாங்கிவிடாதீர்கள். கட்டுபவர் அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் நோட்டீஸை எதிர்த்து அரசிடம் போவார். "விஷயம் அரசின் பரிசீலனையில் இருக்கிறது" என்று அலுவலகம் கையை விரிக்கும், பூச்சு வேலை நடந்துகொண்டே இருக்கும். சரி, நோட்டீஸுக்கு அரசு கொடுத்த தடை ஆணை இருக்கிறதா, அதன் எண், தேதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே, பணி நிறைவுச் சான்று தரக்கூடாது என்ற ஆட்சேபத்தையும் அன்றே கொடுத்து முத்திரை வாங்குங்கள். மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் வந்து ஆள் குடியேறிவிட்டால் அந்தச் சுவரை யாரும் தொடமாட்டார்கள்.