டீகப்ளிங்: ஏரிலிருந்து அவிழ்த்த மானியம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் கொள்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே வழிமறிக்கும் சொல் ‘டீகப்ளிங்’. இதைத் ‘துண்டிப்பு’ என்றோ ‘இணைப்பு நீக்கம்’ என்றோ எழுதிவிட்டால், விவசாயிக்குக் கொடுத்துவந்த பணத்தை அரசு நிறுத்திவிட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் பணம் நிற்கவில்லை. இன்ன பயிரை விதைத்தால், இத்தனை ஆடு வளர்த்தால் பணம் என்ற கட்டுதான் போனது. ஒரு சொல் தவறினால் நாற்பது ஆண்டுக் கொள்கை வரலாறே தலைகீழாகப் புரிந்துவிடும் என்பதால், இதற்குச் சரியான தமிழைத் தேடிப் பிடிப்பது வீண் வேலை ஆகாது.

சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘கோப்புலா’. கட்டு, பிணைப்பு என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘கப்பிள்’ ஆனது. இன்று அந்தச் சொல் நமக்குக் கணவன் மனைவியை நினைவூட்டுகிறது. ஆனால் வேட்டைக்காரர்கள், நாய்களை இரண்டிரண்டாகக் கழுத்தில் சேர்த்துக் கட்டி நடத்திப்போகும் வாரையும் அதே சொல்லால் அழைத்தார்கள். வேட்டை தொடங்கும் இடத்தில் அந்த வாரை அவிழ்த்து நாய்களை ஓடவிடுவதற்குப் பிரெஞ்சில் ‘தேகூப்ளே’ என்று பெயர். பிற்பாடு ரயில் வந்தது. பெட்டிகளைக் கோப்பதும் கழற்றுவதும் இதே சொற்குடும்பத்தில் சேர்ந்தன. ஜெர்மானியர் ‘என்ட்கொப்லுங்’ என்கிறார்கள், டச்சுக்காரர்கள் ‘ஒன்ட்கொப்பெலிங்’, இத்தாலியர் ‘திசாக்கொப்பியமென்தோ’. எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: சேர்த்துக் கட்டியிருந்த இரண்டை அவிழ்ப்பது. எதையும் வெட்டி எறிவது அந்தப் படத்தில் இல்லை. அவிழ்த்த நாய் ஓடுகிறது, கழற்றிய பெட்டி தண்டவாளத்திலேயே நிற்கிறது.

வேளாண்மையில் கட்டியிருந்தவை எவை?

1957-இல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமிட்ட ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆறு நாடுகளும் போர்க்காலப் பசியை மறக்காதவை. 1962-இல் நடைமுறைக்கு வந்த பொது வேளாண் கொள்கையை நெதர்லாந்தைச் சேர்ந்த சிக்கோ மான்ஸ்ஹோல்ட் வடிவமைத்தார். கோதுமைக்கும் வெண்ணெய்க்கும் ஒரு விலை நிர்ணயித்து, சந்தை அதற்குக் கீழே இறங்கினால் அரசுக் கிடங்கு வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தால், அந்த விலை வித்தியாசம் முழுவதையும் எல்லையில் வரியாகப் பிடித்துவிடுவார்கள். எவ்வளவு விளைவித்தாலும் விற்பனை உறுதி என்றால் எந்த விவசாயிதான் குறைத்து விளைவிப்பார்? 1980-களின் நடுவில் கிடங்குகளில் தேங்கிய வெண்ணெய் மட்டும் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. ‘வெண்ணெய் மலை’, ‘ஒயின் ஏரி’ என்ற சொற்கள் அப்போது ஐரோப்பியப் பத்திரிகைகளில் அன்றாடம் புழங்கின. தேங்கியதை ஏற்றுமதி மானியம் கொடுத்து உலகச் சந்தையில் தள்ளியபோது அடி வாங்கியவர்கள் மற்ற நாடுகளின் விவசாயிகள்.

1992-இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஐரோப்பிய வேளாண் ஆணையர் ரே மெக்ஷாரி தானிய விலையை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைத்து, அந்த இழப்புக்கு ஹெக்டேருக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று நேரடியாகப் பணம் கொடுக்க வைத்தார். மானியம் விலையை விட்டுப் பரப்பளவுக்கும் தலையெண்ணிக்கைக்கும் மாறியது. பாதி அவிழ்ந்தது, அவ்வளவே.

மீதிப் பாதி என்ன செய்யும் என்பதை அயர்லாந்தின் மேயோ பகுதி மலைகளில் பார்க்கலாம். பெண் செம்மறி ஒன்றுக்கு இவ்வளவு என்ற மானியம் 1980 முதலே இருந்தது. ஆட்டின் விலையைவிட ஆட்டின் எண்ணிக்கை முக்கியமாகிப் போனது. ஊருக்குப் பொதுவான மலைமேய்ச்சலில் மந்தைகள் பெருகின. புல்லும் ஹெதர் புதரும் வேர்வரை கரம்பப்பட்டு, மழையில் ‘பீட்’ எனும் மட்கிய தாவர மண் கரைந்து ஓடையில் இறங்கியது. புதரை நம்பிக் கூடு கட்டும் செங்குரூஸ் என்ற கோழியினப் பறவைக்கு மறைவிடம் இல்லாமல் போனது. ஓவன்டஃப், நெஃபின் பெக் மலைப்பகுதியில் பறவைகளின் வாழிடத்தைக் காக்கத் தவறியதாக 2002 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேய்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தலைக்குக் காசு என்றால் தலையைத்தான் கூட்டுவார்கள்.

மறு ஆண்டே, 2003 ஜூன் 26-ஆம் நாள், லக்சம்பர்க்கில் கூடிய வேளாண் அமைச்சர்கள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆணையர் ஃபிரான்ஸ் ஃபிஷ்லரின் சீர்திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். 2000, 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் ஒரு விவசாயி சராசரியாக எவ்வளவு மானியம் பெற்றாரோ, அந்தத் தொகையை அடிப்படையாக வைத்து ஆண்டுதோறும் ஒரே தொகையாகக் கொடுக்கலாம் என்பது அதன் மையம். அவர் கோதுமை போடலாம், புல் வளர்க்கலாம், ஆட்டை விற்றுவிடலாம். பணம் மாறாது. 2005 முதல் நாடுகள் ஒவ்வொன்றாக இதற்கு மாறின. அயர்லாந்து முழுவதுமாக அவிழ்த்தது. பிரான்சு 2006 வரை காத்திருந்து, அதன்பிறகும் பயிர் மானியத்தில் 25 விழுக்காட்டையும், கன்று ஈனும் இறைச்சிப் பசுக்களுக்கான மானியம் முழுவதையும் பழையபடியே கட்டிவைத்தது.

இனித் தமிழுக்கு வருவோம். உழவைப் பற்றிய ஒரு சொல்லுக்குத் தமிழில் உழவிலிருந்தே சொல் கிடைக்கும்போது வேறெங்கும் போகத் தேவையில்லை. இரண்டு காளைகளை நுகத்தடியில் சேர்ப்பதை நாம் பூட்டுதல் என்கிறோம். ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது, சித்திரையில் நல்லேர் பூட்டுவது எல்லாம் அந்தச் சொல்தான். கழுத்தைச் சுற்றிக் கட்டும் கயிறு பூட்டாங்கயிறு. உழவு முடிந்ததும் அந்தக் கயிற்றை உருவிவிடுவது அவிழ்ப்பது. முதலையும் கடைசியையும் சேர்த்துப் பொருள் கொள்வதை இலக்கணத்தார் வில்லின் நாணோடு ஒப்பிட்டு ‘விற்பூட்டு’ என்றார்கள். இரண்டு முனைகளைப் பிணைப்பது என்ற பொருள் சொல்லில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே டீகப்ளிங் என்பதற்குப் ‘பூட்டவிழ்ப்பு’ என்பதே என் பரிந்துரை. கப்பிள்ட் மானியம் பூட்டு மானியம். டீகப்பிள்ட் மானியம் பூட்டவிழ்த்த மானியம். பூட்டு என்றதும் கதவுப் பூட்டு நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். வராது. கதவுப் பூட்டைத் திறப்போம், அவிழ்க்க மாட்டோம். பின்னால் வரும் வினையே பொருளைச் சரிசெய்துவிடும்.

‘மானியம்’ என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு. கோயில் ஊழியத்துக்கும் ஊர் ஊழியத்துக்கும் ஈடாக வரியில்லாமல் விட்ட நிலம் ஊழிய மானியம். அதாவது, வேலையோடு பூட்டிய மானியம். பூட்டு இருந்தபோது பிறந்த சொல்லைத்தான் பூட்டு அவிழ்ந்த பிறகும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

காளைப் படம் இன்னொரு உண்மையையும் காட்டுகிறது. ஏரிலிருந்து அவிழ்த்த மாட்டை யாரும் ஊர்மேய விடுவதில்லை. தும்பைப் பிடித்துப் போய் முளையில் கட்டுவார்கள். ஃபிஷ்லரும் அதையேதான் செய்தார். விளைவிக்க வேண்டியதில்லை, ஆனால் நிலத்தைச் சாகுபடிக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்க வேண்டும்; உணவுப் பாதுகாப்பு, கால்நடை நலம், சுற்றுச்சூழல் விதிகளை மீறினால் தொகை குறையும். ‘கிராஸ் கம்ப்ளையன்ஸ்’ என்று அதற்கு அப்போது பெயர்.

தும்பு நீளமாக இருந்த இடங்களும் உண்டு. மானிய உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, பாறையும் புதருமான மலைநிலத்தைக் கணக்குக் காட்டக் குத்தகைக்கு எடுத்து, எதையும் பயிரிடாமல் பணம் வாங்கியவர்களை ஸ்காட்லாந்தில் ‘ஸ்லிப்பர் ஃபார்மர்’ என்றார்கள். வீட்டுக்குள் போடும் மெத்துச் செருப்போடு விவசாயம் செய்பவர் என்று அர்த்தம். பழைய ஆண்டுகளின் கணக்கை அப்படியே உறையவைத்ததுதான் சீர்திருத்தத்தின் பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். நேற்று அதிகம் வாங்கியவர் இன்றும் அதிகம் வாங்கினார். புதிதாக நிலத்தில் இறங்கிய இளையவருக்கு அந்தப் பழைய கணக்கில் இடமில்லை. நேரடி மானியத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு, பெறுபவர்களில் 20 விழுக்காட்டினரிடமே போய்ச் சேர்கிறது என்ற புகார் இன்றுவரை ஓயவில்லை.

பூட்டை அவிழ்க்க ஐரோப்பாவை உந்தியது வெண்ணெய் மலை மட்டும் இல்லை. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம், சந்தையைத் திருகும் மானியங்களுக்கு உச்சவரம்பு போட்டது. சந்தையை அவ்வளவாகத் திருகாதவை என்று வரம்பு போடாமல் விட்ட மானிய வகைக்குப் ‘பச்சைப் பெட்டி’ என்று பெயர். அதற்குள் நுழையச் சில நிபந்தனைகள் உண்டு. தொகை இப்போதைய விளைச்சலையோ விலையையோ சார்ந்திருக்கக் கூடாது. பணம் பெறுவதற்காக எதையும் விளைவிக்கச் சொல்லவும் கூடாது. பூட்டவிழ்ப்பின் சட்ட இலக்கணம் இதுதான்.

அந்த இலக்கணம் ஸ்பெயினின் கறுப்பு ஆலிவ் காயில் சோதனைக்கு உள்ளானது. 2018-இல் அமெரிக்கா, ஸ்பெயினிலிருந்து வரும் பழுத்த ஆலிவுக்கு மானியத்தை ஈடுகட்டும் கூடுதல் வரி விதித்தது. ஐரோப்பாவோ, எங்கள் மானியம் எந்தப் பயிரோடும் பூட்டியதில்லை என்றது. அமெரிக்காவின் வாதம் கூர்மையானது: இன்றைய தொகை பழைய தொகையிலிருந்து கணக்கிடப்பட்டது, பழைய தொகை ஆலிவுக்கென்றே கொடுத்தது, ஆகவே இது இன்னும் ஆலிவ் மானியம்தான். கயிறு போனாலும் கழுத்தில் தழும்பு இருக்கிறது என்ற வாதம் அது. 2021 நவம்பரில் உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழு, இந்த மானியத்தை ஆலிவுக்கே உரியதாகக் கொள்ள அமெரிக்கா சொன்ன காரணங்கள் ஒப்பந்த விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று முடிவு சொன்னது. தெற்கு ஸ்பெயினில், ஆண்டலூசியாவின் ஆலிவ் விவசாயிக்கு இந்தச் சொல்லின் பொருள் வெறும் அகராதிச் சங்கதியாக இல்லை; அவருடைய காய் அமெரிக்கக் கடையில் என்ன விலைக்கு நிற்கும் என்பதே அதில் தொங்கியது.

பூட்டு மானியம் ஐரோப்பாவில் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2023-இல் தொடங்கிய கொள்கையிலும், தடுமாறும் சில துறைகளுக்கு நேரடி மானியத்தில் பொதுவாக 13 விழுக்காடு வரையிலும், புரதப் பயிர்களுக்கு மேலும் 2 விழுக்காடும் கட்டிவைக்க நாடுகளுக்கு இடம் உண்டு.

இந்தச் சொல்லை எல்லா இடத்துக்கும் இழுக்கவும் கூடாது. பொருளாதாரம் வளர்ந்தும் கரிப்புகை குறைகிறது என்பதற்கும் ‘டீகப்ளிங்’ என்கிறார்கள். அங்கே யாரும் கயிற்றை அவிழ்ப்பதில்லை. சேர்ந்து ஓடிய இரண்டு கோடுகள் விலகிப் போகின்றன. அதற்கு ‘விலகல்’ போதும். இரண்டு நாடுகள் வணிக உறவை முறித்துக்கொள்ளும் செய்தியில் வருகிற ‘டீகப்ளிங்’குக்கு ‘துண்டிப்பு’ பொருந்தும். பூட்டவிழ்ப்பு, மானியத்துக்கும் விளைச்சலுக்கும் நடுவே இருந்த கயிற்றுக்கு மட்டும்.