நெஞ்சுக் கன்றலும் முதல் ஸ்பியர்கன்னும்

சனிக்கிழமை மாலை, கிளினிக்கைப் பூட்டப் போகும் நேரத்தில் வந்து நின்றான். எனக்குத் தெரிந்த பையன்தான்; அவன் அப்பாவும் நானும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். செம்பனை ஆலையில் வேலை, இருபத்து நான்கு வயது. “சித்தப்பா, நெஞ்சு வலிக்குது. மூச்சு இழுத்தா குத்துது” என்றான். நெஞ்சுவலி என்று யார் வந்தாலும், வயது எதுவானாலும், முதலில் ஈ.சி.ஜி. எடுப்பது என் வழக்கம். சட்டையைக் கழற்றச் சொன்னேன். ஒயரை ஒட்டுவதற்கு முன்பே விஷயம் புரிந்துவிட்டது. நெஞ்செலும்பின் நடுவில், முட்டையளவுக்கு, நீலம் பாய்ந்த ஒரு கன்றல். தண்ணீருக்குள் மீன் சுடும் ஈட்டித் துப்பாக்கியான ஸ்பியர்கன்னின் அடிக்கட்டை அச்சுக் குத்தியது போல அப்படியே பதிந்திருந்தது.

“எத்தனை சென்டிமீட்டர் கன் வாங்கினே?”

கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, “நூத்திப் பத்து” என்றான்.

ஈ.சி.ஜி.யும் எடுத்தேன், கோளாறு ஒன்றும் இல்லை. வலி மாத்திரையோடு அரை மணி நேரம் பேச்சும் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன், அவனைப் போல இன்னும் நாலு பேராவது கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஜோகூரின் நடுவில் இருக்கும் எங்கள் குளுவாங்கில் கடல் இல்லை. கஹாங், ஜெமாலுவாங் தாண்டிக் கிழக்குக் கரை மெர்சிங் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அதுவும் முன்னால் குலை லாரி ஊர்ந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இருந்தும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது தியோமான் தீவில் ஃப்ரீடைவிங் வகுப்பு முடித்து, மூச்சடக்கி முங்கப் பழகி, அடுத்ததாக மீன் சுட ஆசைப்படுகிறார்கள். தப்பில்லை, நானும் முங்குகிறவன்தான். என் பதவிக்கு இப்போது நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாலும் தோட்டத்தில் நான் இன்னும் டிரெஸ்ஸர்தான், கிளினிக்கில் வைத்தியம் பார்க்கிற உதவியாளர். அந்த வேலையில் பார்த்ததையும் தண்ணீருக்குள் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் கன் வாங்குகிறவன் மனதில் ஒரு மீன் இருக்கும். கையகல வாயோடு ஒரு கெராப்பு (களவா), அல்லது ஆள் நீளத் தெங்கிரி (வஞ்சிரம்). அந்த மீனை நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால் நீளமான கன்தான் கண்ணில் படும். நீங்கள் நிஜமாகவே இறங்கப் போகும் தண்ணீரில் எத்தனை மீட்டர் தெரியும் என்பதையும், ஈட்டிக் கம்பியை எய்யும் ரப்பரை நீங்களே இழுத்து மாட்ட முடியுமா என்பதையும் வைத்துத்தான் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

75, 90, 110 என்று சொல்வது சுமாராகப் பீப்பாயின் நீளம், சென்டிமீட்டரில். பிடியும் முகப்பும் சேர்ந்தால் இன்னும் நீளம், ஈட்டிக் கம்பி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது தனி. ஒற்றை ரப்பர் போட்ட 75, முனையிலிருந்து சுமார் இரண்டு மீட்டருக்கு நன்றாக அடிக்கும். மெர்சிங் கரையோரம், ஆற்றுத் தண்ணீர் கலக்கும் இடத்தில், மழைக்குப் பிறகு இரண்டு மீட்டர் தெரிந்தாலே பெரிது. மலாக்கா நீரிணைப் பக்கம், போர்ட் டிக்சன் மாதிரி இடங்களிலும் பெரும்பாலும் கலங்கல்தான். அங்கே 110-ஐத் தூக்கிக்கொண்டு இறங்கினால், மீன் கண்ணுக்குத் தெரியும்போது கம்பியின் முனை அதைத் தாண்டிப் போயிருக்கும். நீளக் கன்னைத் தண்ணீரில் பக்கவாட்டில் திருப்புவதும் லேசில்லை. குலை அறுக்கும் கம்பைக் காற்றில் சுழற்றுவது போல, முனை திரும்பி முடிப்பதற்குள் மீன் போய்விடும். கரையோரத்துக்கும் பாறை இடுக்குக்கும் 75 போதும். எப்போதும் படகெடுத்து வெளியே தெளிந்த தண்ணீருக்குப் போகிறவர் என்றால் 90. அதற்கு மேல் முதல் கன்னாக யாருக்கும் நான் சொல்வதில்லை.

கண் செய்யும் ஒரு வஞ்சனையும் உண்டு. முகமூடிக்குள் காற்று இருப்பதால் தண்ணீரில் எல்லாம் கால்பங்கு கிட்டத்தில் தெரியும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். நான்கு மீட்டரில் நிற்கும் மீன் மூன்று மீட்டரில் நிற்பதாக நம்புவோம். புதிதாகச் சுடுகிறவர்கள் கம்பி எட்டவில்லை, கன்னுக்குப் பலம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த வாரமே இன்னும் நீளமானதைத் தேடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி அந்தக் கன்றல். ரப்பர் கன்னில் அடிக்கட்டையை நெஞ்சிலோ இடுப்பிலோ ஊன்றி, இரண்டு கையாலும் ரப்பரைச் சமமாக இழுத்து, நடுவிலிருக்கும் நூலைக் கம்பியின் வெட்டில் மாட்ட வேண்டும். நூற்றுப் பத்தில் கை எட்டாத பையன் என்ன செய்கிறான்? நெஞ்சை முன்னால் தள்ளி எக்குகிறான். ஒரு முறை வழுக்கினால் அடிக்கட்டை எலும்பில் இடிக்கும். ஒரு நாளில் இருபது முறை எக்கினால் இடிக்காமலே கன்றிவிடும். அதைவிட மோசம், மாட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கி, நெஞ்சுத் துடிப்பு ஏறி, அந்தப் படபடப்போடு அப்படியே முங்குவது. ஆகவே கடையில் வெறும் கன்னைக் கையில் பிடித்துத் தோளோடு வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. தெரிந்தவர் கன்னை இரவல் வாங்கித் தண்ணீரில் மிதந்தபடி பத்து முறை மாட்டிப் பாருங்கள். பத்தாவது முறையும் முதல் முறை போலவே அமைதியாக மாட்ட முடிகிறதா? அந்த நீளம்தான் உங்களுக்கு. ரப்பர் 16 மில்லிமீட்டர் தடிமன், ஒரு ஜோடி, போதும். 20-ஐப் போட்டுக் காட்டும் அண்ணன்மார்களைப் பார்த்து மயங்க வேண்டாம். நெஞ்சில் ஊன்றும் அடிக்கட்டையில் மெத்தை உள்ள கன்னோ, மெத்தை தைத்த உடையோ இருந்தால் நல்லது.

ரப்பரைப் பற்றி ரப்பர் தோட்டத்துக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லைதான். என் பாட்டி பால் வெட்டியவர், சிறுவயதில் நாங்கள் லாஸ்டிக் (உண்டிவில்) செய்து குருவி அடித்தவர்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்: ஒட்டும், பிறகு வெடிக்கும். ஆனாலும் காரின் பின்கண்ணாடிக்கு அடியில் கன்னைப் போட்டுவிட்டுப் பசியாறப் போகிறோம்! நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, எண்ணெய் படாமல் வையுங்கள். இழுத்துப் பார்க்கும்போது மயிர்க்கோடு மாதிரி வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும், அறுந்த ரப்பர் முகத்துக்குத்தான் வரும்.

காற்றடைக்கும் கன்னும் இருக்கிறது. குட்டையானது, இடுக்குக்கு நல்லது, ஆனால் உள்ளே மணல் போனால் பிரித்துச் சீராக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது கன்னாக வாங்கிக்கொள்ளலாம். எனக்கு விட்டால், முதல் ஆறு மாதம் கன்னே வேண்டாம், ரப்பர் வளையம் கட்டிய கை ஈட்டி போதும் என்பேன். மீனை நெருங்கக் கற்றுத் தரும், விலையும் குறைவு. யாரும் கேட்பதில்லை.

கிளினிக்கில் பார்த்த இன்னொன்று. மாட்டிய கன்னோடு ஒருவர் படகில் ஏறியிருக்கிறார். சுடும் விசைக்கு லாக் போட்டிருந்ததாகச் சொன்னார்கள். கம்பி இன்னொருவரின் கெண்டைக்காலில் பாய்ந்தது. கம்பி நுனியில் ஒரு முள் மடங்கி இருக்கும். உள்ளே நுழையும்போது ஒட்டிக்கொள்ளும், வெளியே இழுத்தால் விரியும். மீன் நழுவாமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் பதற்றத்தில் பிடித்து இழுத்துவிட்டார்கள். கம்பி செய்த காயம் விரல் தடிமன்தான், இழுப்பு செய்த காயத்துக்கு ஆப்பரேஷன் தியேட்டர் வேண்டியிருந்தது.

குத்திய கம்பியைப் பிடுங்காதீர்கள். கம்பியைக் கன்னோடு கட்டியிருக்கும் நூலை அறுத்துவிடுங்கள், கம்பி அசையாமல் இரண்டு பக்கமும் துணி வைத்துக் கட்டுங்கள், 999-ஐ அழையுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் காயம் என்றாலும் டெட்டனஸ் ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கடல்நீர்க் காயம் மறுநாளே சிவந்து வீங்கினால் வீட்டில் மஞ்சள் வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே வாருங்கள். மற்றபடி விதி ஒன்றுதான்: தண்ணீரில்தான் மாட்ட வேண்டும், தண்ணீரிலேயே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கரையில் “சும்மா டெஸ்ட்” சுடுவதும் கூடாது. தண்ணீர் தடுக்காத கம்பி நூலின் எல்லை வரை போய், சுண்டித் திரும்பி வரும். லாக்கை நான் நம்புவதில்லை.

கன்றல் ஆறிவிடும், காலைத் தைத்துவிடலாம். நான் பயப்படுவது மயக்கத்துக்கு. கன் கையில் இல்லாதபோது ஒழுங்காக மேலே வருகிறவன், மீன் ஒன்று மெல்லத் திரும்பிப் பார்த்தால் இன்னும் பத்து விநாடி இருப்பான். கீழே பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் உடம்பில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் போதுவது போலத் தோன்றும். மேலே வரவர அழுத்தம் பாதியாகும், ஆக்சிஜனின் அழுத்தமும் கூடவே விழும். மயக்கம் பெரும்பாலும் கடைசிச் சில மீட்டரில், அல்லது மேலே வந்து முதல் மூச்சு விட்ட பிறகுதான் வரும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் ஒன்றும் கூடிவிடாது. கரியமில வாயு குறைந்து, ‘மூச்சு வேண்டும்’ என்று உடம்பு கொடுக்கும் மணி அடிக்காமல் போகும், அவ்வளவுதான்.

முத்துக் குளிப்பவர்களுக்குக் கயிறு பிடிப்பது மைத்துனர்தான் என்று கேட்டிருப்பீர்கள். அந்த மாதிரி ஒரு மச்சான் வேண்டும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. இருவரும் ஒரே நேரத்தில் முங்கக் கூடாது. மேலே வந்தவரின் முகத்தை முப்பது விநாடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கினால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, முகமூடியைக் கழற்றி, கன்னத்தில் ஊதி, தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூச்சு வராவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். கீழே இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே ஓய்வு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கன் போதும் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக இல்லை. கன் இல்லாதவன்தான் மச்சானை ஒழுங்காகப் பார்ப்பான்.

மிச்சக் காசில் கொடி வைத்த மிதவையும் அதற்குக் கயிறும் வாங்குங்கள், கன்னில் நூல் சுற்றி வைக்கும் ரீல் வேண்டாம். கொடி இல்லாத தலை படகுக்காரருக்குத் தேங்காய் மட்டை மாதிரிதான் தெரியும்.

எங்கே சுடுவது என்பதையும் கன் வாங்குமுன் முடிவு செய்யுங்கள். தியோமான், ராவா, பெசார், சிபு, திங்கி தீவுகள் எல்லாம் 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி 1994-இல் அறிவிக்கப்பட்ட கடல் பூங்காக்கள். கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன் பிடிக்கவே கூடாது. அங்கே கன்னோடு சிக்கினால் “சுடவில்லை, சும்மா வைத்திருந்தேன்” என்பது எடுபடாது. வாங்குவதற்கு முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம். நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவக்காற்று, அந்தப் பக்கம் இறங்கும் பேச்சே வேண்டாம்.

அந்தத் தம்பி நூற்றுப் பத்தை விற்றுவிட்டு 75 வாங்கினான். மீனுக்கு முன்னால் செருப்பில் பழகச் சொல்லியிருந்தேன்: பழைய ரப்பர் சிலிப்பரைக் கல்லில் கட்டி மணல் தரையில் போட்டால் நிமிர்ந்து மிதந்து நிற்கும், பின்னால் ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்து இரண்டு மீட்டரிலிருந்து சுட வேண்டும். போன ஞாயிறு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. இருபது முறை சுட்டிருக்கிறான். செருப்பில் நாலு ஓட்டை. செருப்பு அவன் அப்பாவுடையது.