மிதவாதி: அளவைக் குறிக்கும் சொல்லும் அவையில் அளிக்கும் வாக்கும்

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் பக்கத்து வீட்டில், போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சென்ற வாரம் அவள் ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். அமெரிக்க அரசியல் செய்தி ஒன்றைப் பயிற்சிக்காகத் தமிழாக்கியிருந்தாள். அதில் ஒரு வாக்கியத்தின்கீழ்ப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தாள். “அவர் ஒரு மிதமான சட்டமியற்றுபவர், அவருடைய வாக்குப்பதிவு அவருடைய பொது நிலைகளுடன் ஒத்துள்ளது.” “எல்லாச் சொல்லும் அகராதியில இருக்கு மாமா, ஆனா வாசிச்சா ஒண்ணும் வெளங்கல்ல” என்றாள். அவள் சொன்னது நியாயம். மழையை மிதமான மழை என்கிறோம், சூட்டை மிதமான சூடு என்கிறோம். ஆளை அப்படிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆளைச் சொல்ல நமக்கு இருப்பது ‘மிதவாதி’ என்ற சொல். அது எங்கிருந்து வந்தது, இன்று எதைக் குறிக்கிறது, அதற்குத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதைப் பார்த்துவிட்டால் அந்த வாக்கியத்தின் மற்றச் சிக்கல்களும் அவிழ்ந்துவிடும்.

மிதவாதி இரண்டு வடசொற்கள் சேர்ந்த தொடர். ‘மா’ என்னும் வடமொழி வேர் அளத்தலைக் குறிக்கும். அதிலிருந்து வந்த ‘மித’ என்பதற்கு அளக்கப்பட்டது, அளவுக்குட்பட்டது என்று பொருள். அளவு கடந்தது அமிதம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் புழங்கும் வீடுகளில் ‘பரிமிதி’ என்ற சொல் அன்றாடம் காதில் விழும். இவ்வளவுதான் முடியும் என்ற எல்லையைச் சொல்வது அது. அதுவும் இதே வேர்தான். ஆங்கிலத்தில் ‘மாடரேட்’ என்று வழங்கும் சொல் இலத்தீன மொழியின் ‘மோதுஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் அளவு என்றே பொருள். ஆகவே மொழிபெயர்த்தவர்கள் குருட்டாம்போக்கில் செய்யவில்லை, அளவுக்கு அளவையே வைத்திருக்கிறார்கள்.

பிற்பாதியான ‘வாதி’யில்தான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ‘வத்’ என்னும் வேருக்குப் பேசுதல் என்று பொருள். வாதி என்றால் பேசுபவர், ஒன்றை எடுத்து வைப்பவர். பத்மநாபபுரம் நீதிமன்ற வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், ‘வாதி’, ‘பிரதிவாதி’ என்று டவாலி கூப்பிடுவது கேட்கும். அங்கே அந்தச் சொல் தன் பழைய பொருளோடு இன்னும் உயிரோடிருக்கிறது. பின்னாளில் இதுவே ஒரு கொள்கையைப் பற்றிக்கொண்டவரைக் குறிக்கும் ஈறாகி, காந்தியவாதி, பொதுவுடைமைவாதி என்று எதனோடும் ஒட்டிக்கொண்டது. எனவே மிதவாதி என்பதன் நேர்ப்பொருள் ‘அளந்து பேசுபவர்’ என்பதே. அளந்து வாக்களிப்பவர் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் அரசியல் பேச்சில் இச்சொல் வேரூன்றியதற்கு 1907 டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரசு மாநாடு ஒரு பெரிய காரணம். கோகலே, பிரோசு ஷா மேத்தா போன்றோர் ஒருபுறமும் திலகரைச் சார்ந்தோர் மறுபுறமுமாகக் கட்சி பிளந்தது. இங்கிருந்து சென்ற வ.உ.சிதம்பரனாரும் பாரதியாரும் திலகர் பக்கம் நின்றார்கள். மனு எழுதி, வாதாடி, படிப்படியாக உரிமை பெறலாம் என்றோர் மிதவாதிகள் எனப்பட்டனர்; அந்த வேகம் போதாது என்றோர் தீவிரவாதிகள் எனப்பட்டனர். பாரதியார் மிதவாதிகளுக்கு ‘நிதானக் கட்சியார்’ என்றும் தம் பக்கத்தாருக்குப் ‘புதிய கட்சி’ என்றும் பெயர் வைத்து எழுதினார். நிதானம் என்பதில் இருக்கும் மெல்லிய கேலி மிதத்தில் இல்லை. ஆயினும் நிலைத்தது மிதமே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னை மிதவாதிகளில் முதன்மையானவரான வி.கிருஷ்ணசுவாமி ஐயர்தான் பாரதியாரின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு வழங்கினார். பெயர்ப்பலகையைப் பார்த்து ஆளை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு அன்றே இப்படி ஒரு சான்று கிடைத்துவிட்டது.

இணைச்சொல்லான தீவிரவாதியின் கதை வேறு விதமாகப் போயிற்று. இன்று செய்தித்தாளில் அச்சொல் வந்தால் கையில் வெடிகுண்டோடு ஓர் உருவம்தான் நினைவுக்கு வரும். பழைய வரலாற்றுப் பாடத்தில் வ.உ.சி.யைத் தீவிரவாதி என்று படிக்கும் மாணவர் திடுக்கிடுவது அதனால்தான். எதிர்ச்சொல் இப்படிச் சரிந்தபோது, அதன் எதிரே இருந்த மிதவாதி தானாகவே மேலேறி, நல்லவர், அமைதியானவர் என்ற நிறத்தைப் பூசிக்கொண்டது. அது அச்சொல்லுக்கு உரிய நிறமன்று. வடக்கே கேரளத்தில் அதே 1907இல் ‘மிதவாதி’ என்ற பெயரிலேயே ஒரு மலையாள இதழ் வந்தது. குமாரன் ஆசானின் ‘வீணபூவு’ முதலில் அச்சேறியது அதில்தான். சாதிக் கொடுமைக்கு எதிராக வலுவாகக் குரல் கொடுத்த இதழாகப் பின்னாளில் அது பெயர் பெற்றது. மிதம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யாராவது சொன்னால் அந்த இதழைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன்.

தண்ணீரில் மிதக்கும் ‘மித’வுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். மிதத்தல், மிதவை ஆகியவை நம் சொற்கள். மிதம் வந்த சொல். “அவரு மிதவாதி, எந்தப் பக்கம் அலை அடிச்சாலும் மிதந்துருவாரு” என்று தக்கலையில் ஒரு தேநீர்க்கடையில் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லிலக்கணப்படி தவறு, ஆனால் யாரைச் சொன்னார் என்பது கடையில் இருந்த அனைவருக்கும் புரிந்தது.

இனித் தமிழ் நிகரன். பலரும் கைவைப்பது ‘நடுநிலையாளர்’ என்ற சொல்லின்மேல். அது பொருந்தாது. நடுவுநிலைமை என்பது துலாக்கோல்போல் ஒருபால் சாயாதிருப்பது. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அது நீதிபதிக்கும் நடுவருக்கும் வேண்டிய பண்பு. சட்டமன்ற உறுப்பினர் ஒரு கட்சியின் சார்பில் நின்று வென்று வந்தவர். அவருக்குச் சார்பு உண்டு, இருக்கவும் வேண்டும். மிதவாதி ஒரு பக்கம் சார்ந்தே நிற்பார், ஆனால் அந்தப் பக்கத்தின் கடைக்கோடிக்குப் போகமாட்டார். ‘மையவாதி’ என்பதும் சிறிது வேறு. மையம் என்பது இடம். மிதம் என்பது அளவு. வலப்பக்கத்தவராக, அதாவது வலதுசாரியாக, இருந்துகொண்டே ஒருவர் மிதவாதியாக இருக்க முடியும். வலப்பக்கத்தவராக இருந்துகொண்டு மையவாதியாக இருக்க முடியாது.

இடத்தை வைத்துப் பெயரிடுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் கட்டும்போது கொத்தனார் ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றால் மட்டம் சரி; ஒரு முனை சற்று உயர்ந்தால் குமிழி உடனே உயர்ந்த பக்கம் ஓடிவிடும். குமிழி இடம் மாறினாலும் கோடுகள் அப்படியேதான் இருக்கும். அரசியலிலோ கோடுகளே நகரும். இரு கட்சிகளும் ஒரே திசையில் நகர்ந்துவிட்டால், நேற்று நின்ற இடத்திலேயே நிற்பவர் இன்று ஓரத்தில் நிற்பவராகத் தோன்றுவார். அதனால் ‘நடு’ என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் இதற்கு ஆள நான் தயங்குகிறேன்.

அளவைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ‘மட்டு’. “மட்டுமிதமாச் சாப்பிடு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் நம் சொல்லும் வந்த சொல்லும் ஒரே பொருளில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. அப்படியானால் மிதவாதியை ‘மட்டாளர்’ எனலாமே என்று தோன்றும். தோன்றிய வேகத்திலேயே ‘மட்டமான ஆள்’ என்ற வசையும் நினைவுக்கு வந்துவிடுகிறது. ‘மட்டியர்’ என்றால் முட்டாள் என்ற பொருள் வரும். போதாக்குறைக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மாவட்டத்து மட்டிப்பழமும் கண்முன் வந்து நிற்கும். தமிழ்ப்படுத்துவதில் ஆர்வம் மட்டும் போதாது என்பதைப் பூதப்பாண்டியில் பிறந்த ப.ஜீவானந்தம் அளவுக்கு அனுபவித்தவர் குறைவு. தனித்தமிழ்ப் பற்றில் தம் பெயரையே ‘உயிரின்பன்’ என்று மாற்றிக்கொண்ட அவர், பின்னர் பழைய பெயருக்கே திரும்பினார். 1952இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனதும் ஜீவானந்தமாகத்தான். சொல் சரியாக இருந்தும் நாக்கு ஏற்காவிட்டால் அது நிற்காது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஒப்பாகப் படுவது ‘அளவான போக்குடையவர்’ என்ற தொடர். ஒரே சொல்லாக வேண்டுமென்றால் ‘அளவுப்போக்கினர்’. ‘வாதி’யை விடுத்துப் ‘போக்கு’ என்பதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சட்டமியற்றும் அவையில் ஒருவரை அளப்பதற்கு அவர் பேச்சு மட்டும் போதாது, எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பதும் வேண்டும். போக்கு என்ற சொல் இரண்டையும் தாங்கும். பெருவழக்காகிவிட்ட மிதவாதியைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1907ஐப் பற்றி எழுதும்போது அதுவே சரியான சொல்.

அடுத்து ‘வாக்குப்பதிவு’. தமிழில் இச்சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வாக்குச்சாவடியில் மக்கள் வரிசையில் நின்று செய்வது வாக்குப்பதிவு; அதன் விழுக்காட்டைத்தான் மாலையில் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். ஓர் உறுப்பினர் ஆண்டுக்கணக்கில் அவையில் எந்தெந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்பதன் தொகுப்பு வேறு. அதனை ‘வாக்களிப்பு வரலாறு’ என்றோ ‘வாக்களித்த தடம்’ என்றோ சொன்னால் குழப்பம் தீரும். வாக்கு என்பதும் பேச்சைக் குறிக்கும் வடசொல்தான். கொடுத்த சொல்லுக்கும் போட்ட ஓட்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கை போலும்.

நம் அவைகளில் இந்தத் தடம் மங்கலாகவே விழுகிறது. பெரும்பாலான தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். ‘ஆம்’ என்ற ஒலி பெரிதா, ‘இல்லை’ என்ற ஒலி பெரிதா என்று அவைத்தலைவர் கேட்டு முடிவு சொல்வார். எந்த வாயிலிருந்து எது வந்தது என்பது ஏட்டில் ஏறாது. உறுப்பினர்கள் பிரித்துக் கணக்கெடுக்கக் கோரினால்தான் மக்களவையில் பொத்தான்கள் அழுத்தப்பட்டுப் பெயர்வாரியாகப் பதிவாகும். அப்போதும், கட்சி சொன்னபடி உறுப்பினர்களை வாக்களிக்க வைக்கும் ‘கொறடா’ குறுக்கே நிற்பார். மராட்டியில் ‘கோரடா’, இந்தியில் ‘கோடா’ என வழங்கும் சாட்டையின் பெயர்தான் நம்மிடம் கொறடாவாயிற்று. இங்கிலாந்தில் நரிவேட்டையின்போது வேட்டைநாய்கள் சிதறாமல் சாட்டையால் ஒன்றுசேர்ப்பவரின் பெயர் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததன் மொழிபெயர்ப்பு அது. 1985இல் அரசியலமைப்பில் பத்தாம் அட்டவணை சேர்ந்த பிறகு, கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். ஆகவே இங்கே ஒருவருடைய வாக்களித்த தடத்தை எடுத்துப் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் கட்சியின் போக்கே. நம்மூர் அளவுப்போக்கினரை அவருடைய பேச்சிலும், குழுக் கூட்டத்தில் அவர் கொண்டுவரும் திருத்தத்திலும்தான் தேட வேண்டும். அந்த வகையில் ‘வாதி’ என்ற ஈறு நமக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் கட்சி மாறி வாக்களித்தால் பதவி போகாது. அந்நாட்டு மேலவையான செனட்டில் பெயர் படித்து வாக்கெடுக்கும்போது ஒவ்வொருவர் விடையும் ஏட்டில் ஏறும். அதனால்தான் அங்கத்திய செய்திகளில் வாக்களித்த தடம் இவ்வளவு பேசப்படுகிறது. 2017 ஜூலை 28 அதிகாலையில், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பகுதிகளை நீக்கும் முயற்சி 49க்கு 51 என்ற கணக்கில் தோற்றது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி, ஜான் மெக்கெய்ன் ஆகிய மூவரும் தம் கட்சிக்கு எதிராக வாக்களித்ததே காரணம். அதே ஆண்டு டிசம்பரில் வரிக்குறைப்புச் சட்டத்துக்கு காலின்சும் முர்கோவ்ஸ்கியும் கட்சியோடு சேர்ந்து ஆதரவளித்தார்கள். 2018 அக்டோபர் 6 அன்று பிரெட் கவனா என்பவர் உச்சநீதிமன்ற நீதிபதியாக 50க்கு 48 என்ற கணக்கில் ஒப்புதல் பெற்றபோது, காலின்ஸ் ஆதரித்தார். முர்கோவ்ஸ்கி அந்த நியமனத்தை எதிர்த்தவர். ஆனால் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே ‘அவையில் உள்ளேன்’ என்றுதான் இருக்கிறது. ஆதரித்து வாக்களிக்க வேண்டிய சக உறுப்பினர் ஒருவர் மகளின் திருமணத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாததால் கணக்கு பிறழாதிருக்கட்டும் என்று இவர் தம் வாக்கை நிறுத்திக்கொண்டார். தடத்தை மட்டும் பார்ப்பவர் இவரை இரண்டுங்கெட்டான் என்பார். அவருடைய பேச்சையும் கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார்.

கடைசியாகப் ‘பொது நிலை’. பொது என்றால் நமக்கு எல்லாருக்கும் உரியது: பொதுக்கிணறு, பொதுவழி. அந்த ஆங்கிலச் செய்தி சொன்னது அதுவன்று; ஒருவர் ஊரறியச் சொன்ன கருத்து. ‘வெளிப்படையாக எடுத்த நிலைப்பாடு’ என்றால் சரியாகிவிடும்.

பென்சிலை வாங்கி, அவள் வாக்கியத்தின்கீழ் இப்படி எழுதிக் கொடுத்தேன்: “அவர் அளவான போக்குடைய உறுப்பினர், அவையில் அவர் வாக்களித்துவந்த தடம், வெளியில் அவர் எடுத்த நிலைப்பாடுகளோடு பொருந்துகிறது.” அவள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். ‘அளவான போக்குடைய’ என்பதை அடித்துவிட்டு, அதன்மேல் ‘மிதவாத’ என்று எழுதிக்கொண்டாள். தேர்வில் திருத்துபவருக்கு அதுதான் தெரியும் என்றாள். ‘தடம்’ என்பதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டாள்.